கருப்பைவாய்ப் பரிசோதனை: கேளுங்க, சிஸ்டர் பதில் சொல்றாங்க

வயசு 34. பாப் ஸ்மியர் எப்போ எடுக்கலாம் சிஸ்டர்?

பாப் ஸ்மியர்னா கருப்பைவாயிலிருந்து செல்லை எடுத்து லேப்ல பார்க்கிறது. பீரியட்ஸ் ஆரம்பிச்ச நாளை ஒண்ணுன்னு வச்சு எண்ணுங்க. 10லிருந்து 20ஆம் நாளுக்குள்ள நல்லது. ரத்தப்போக்கோட எடுத்தா செல்லை ரத்தம் மறைச்சிடும். முந்தின ரெண்டு நாள் உடலுறவு, உள்ளே வைக்கிற மாத்திரை, க்ரீம், உள்ளே தண்ணி விட்டுக் கழுவுறது எதுவும் வேண்டாம். வெறும் வயிறு தேவையில்லை. சிறுநீர் கழிச்சிட்டுப் படுங்க.

'போதிய செல் இல்லை'ன்னு வந்தா அது நார்மல் ரிப்போர்ட் இல்லை. 2 முதல் 4 மாசத்துல மறுபடி எடுக்கணும். முக்கியமா, ரிப்போர்ட்டைக் கையில வாங்குங்க. போன் வரலைன்னா நல்ல ரிசல்ட்னு அர்த்தமில்லை.

வயிறு ஸ்கேன் நார்மல்னு வந்துச்சு. இதுவும் வேணுமா?

வேணும். ஸ்கேன்ல கட்டி, நீர்க்கட்டி, கருப்பை உள்வரியோட தடிமன் தெரியும். கருப்பைவாயோட மேல்தோல் செல் மாறுறது தெரியாது.

ஆரம்ப சுகாதார நிலையத்துல ஏதோ வினிகர் தடவிப் பார்த்து நெகட்டிவ்னு அனுப்பிட்டாங்க. ஏழைக்கு இவ்வளவுதானா?

அதுக்குப் பேர் வி.ஐ.ஏ. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம். தடவிட்டு ஒரு நிமிஷம் முழுசாக் காத்திருக்கணும். மாறின இடம் அடர்த்தியா வெளுக்கும். அவசரத்துல அரை நிமிஷத்துல பார்த்தா தவறிப்போகும்.

ஏளனமாப் பேசாதீங்க. திண்டுக்கல் மாவட்டத்துல 30 முதல் 59 வயசுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இதை ஒரே ஒரு தடவை செஞ்சாங்க. வெளுப்பு தெரிஞ்சவங்களுக்கு அங்கேயே கால்போஸ்கோபி (கருப்பைவாயைப் பெரிசாக்கிக் காட்டுற கருவியால பார்க்கிறது), தேவைப்பட்டா உறையவைக்கிற சிகிச்சை. கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால வந்த இறப்பு 35 சதவீதமும் குறைஞ்சது. 2007ல லான்செட்ல வந்த ஆய்வு.

அப்போ பாப் ஏமாத்து வேலையா?

யார் சொன்னா? நல்ல லேப், 3 வருஷத்துக்கு ஒருமுறை தவறாம எடுக்கிறது, மாற்றம் இருந்தா திரும்பக் கூப்பிடுறது, இந்த மூணும் இருந்தா பாப் நல்லா வேலை செய்யும். நம்ம ஊர்ல அறுந்துபோறது மூணாவது.

மகாராஷ்டிரா ஒஸ்மானாபாத் ஆய்வுல வி.ஐ.ஏ. பெரிசா உதவலையே! அதை ஏன் விட்டுட்டீங்க?

சரியான கேள்வி. 2009ல வந்த அந்த ஆய்வுல எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்குற வைரஸ்) டெஸ்ட் எடுத்த குழுவுல இறப்பு கிட்டத்தட்டப் பாதியாச்சு, பாப், வி.ஐ.ஏ. குழுக்கள்ல குறிப்பிடும்படி குறையலை. வி.ஐ.ஏ. பார்க்கிற கண்ணைப் பொறுத்தது. மாதவிடாய் நின்னவங்களுக்குப் செல் மாற்றம் வர்ற எல்லைப் பகுதி கருப்பைவாய்க்கு உள்ளே போயிடறதால அவங்களுக்கு நம்ப முடியாது. அதனாலதான் உலக சுகாதார நிறுவனம் 2021ல எச்.பி.வி. டெஸ்ட்டை முன்னால வச்சது: 30 வயசுல தொடங்கி 5 முதல் 10 வருஷத்துக்கு ஒருமுறை. கிடைச்சா அதை எடுங்க. கிடைக்காத ஊர்ல அது வர்றவரைக்கும் சும்மா இருக்காதீங்க, வி.ஐ.ஏ. எடுங்க. இதோட இந்தச் சண்டையை நிறுத்திக்கலாம்.

எச்.பி.வி. பாசிட்டிவ். வீட்டுக்காரர் மேல சந்தேகமா இருக்கு.

எப்போ வந்த தொற்றுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது. பல வருஷம் பழசாவும் இருக்கலாம். பெரும்பாலும் ரெண்டு வருஷத்துக்குள்ள தானாப் போயிடும். 16 அல்லது 18ஆம் வகைன்னா நேரா கால்போஸ்கோபி. சந்தேகத்தை விட்டுட்டுத் தேதி வாங்குங்க.

ஸ்கேன்ல எல்லாம் சரின்னாங்க, பாப்…

மேலே ரெண்டாவது பதில்.

கருப்பையை எடுத்தாச்சு.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பாருங்க. கருப்பைவாயை விட்டுட்டு எடுத்திருந்தா பரிசோதனை தொடரணும். வாயோட சேர்த்து எடுத்து, முன்னாடி செல் மாற்றமும் இல்லைன்னா வேண்டாம்.

வயசு 58. பீரியட்ஸ் நின்னு ஆறு வருஷம். துளி ரத்தம் பட்டுச்சு. பாப் எடுத்துக்கட்டுமா?

பாப் மாதிரி ஸ்க்ரீனிங், அறிகுறி இல்லாதவங்களுக்கு எடுக்கிற பரிசோதனை. நீங்க இந்த வாரமே மகப்பேறு மருத்துவர்கிட்ட போங்க. கருப்பை உள்வரியைப் பார்க்கணும், பயாப்ஸி (சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கிறது) வேண்டியிருக்கலாம். பாப் நார்மல்னு வந்தாலும் அதோட விட்டுடாதீங்க. உடலுறவுக்கு அப்புறம் ரத்தம் படுறவங்களும் அப்படித்தான், முகாமுக்காகக் காத்திருக்காதீங்க.

மார்பகத்துக்கு எடுக்கிற எக்ஸ்ரே, மேமோகிராம்?

என் துறை இல்லை. ரேடியாலஜி ஆளைக் கேளுங்க. அன்னைக்குப் பவுடர், டியோடரன்ட் போடாதீங்க, அவ்வளவுதான்.

டாப்ளர் ஸ்கேன்லயாவது கருப்பைவாய் செல் மாற்றம் தெரியுமா?

எந்த ஸ்கேன்லயும் தெரியாது.

பொண்ணுக்கு 13. எச்.பி.வி. தடுப்பூசி?

போடுங்க. 9 முதல் 14 வரை ரெண்டு ஊசி, 6 மாச இடைவெளி. 15க்கு மேல மூணு: முதல் நாள், 2ஆம் மாசம், 6ஆம் மாசம். ஊசி போட்டாலும் 30 வயசுல பரிசோதனை உண்டு. எல்லா வகையையும் ஊசி தடுக்காது. போட்டதும் 15 நிமிஷம் உட்கார வைங்க, இந்த வயசுப் பிள்ளைங்க மயங்கி விழுறது உண்டு.