பதில்: கோபுரப் படத்தில் நிறம் திகட்டுகிறது

கோயிலுக்கு மேற்கே உள்ள மேலச் சித்திரை வீதியிலிருந்து சாயங்காலம் எடுத்த கோபுரப் படத்தில் சிவப்பும் பச்சையும் அப்பிக் கிடக்கின்றன, சுதைச் சிற்பங்களின் முகமே தெரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நிக்கான் கேமராவில் பிக்சர் கன்ட்ரோல் (படத்தின் நிறத் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) 'விவிட்' என்று இருக்கிறதா பாருங்கள். கோபுரத்தில் பூசியிருப்பதே அடர்ந்த நிறங்கள். கேமராவும் சேர்ந்து நிறத்தை ஏற்றினால் சிவப்பு சேனல் (படத்தில் சிவப்பு நிறத்தின் பதிவு) உச்சத்தைத் தொட்டு, சிற்பத்தின் நெளிவு சுளிவெல்லாம் அழிந்துவிடும். 'நியூட்ரல்' வையுங்கள், அதிலும் வெளிறித் தெரிந்தால் 'ஸ்டாண்டர்ட்' வைத்து சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஒரு படி குறையுங்கள்.

அப்புறம், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) -0.3 அல்லது -0.7 இறக்கி, ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் (சிவப்பு, பச்சை, நீல அளவுகளைக் காட்டும் வரைபடத்தில்) சிவப்பு வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதுதான் முக்கியம். ஒயிட் பேலன்ஸ் (ஒளியின் நிறத்துக்கேற்ப படத்தின் நிறத்தைச் சரிசெய்வது) ஆட்டோவில் வேண்டாம், நேரடி வெயிலுக்கான 5200 கெல்வினில் வையுங்கள். ஆட்டோ அந்தி மஞ்சளைக் குறைத்துவிடும். அந்த மஞ்சள்தானே மேலக் கோபுரத்துக்கு அழகு! ரா (RAW) கோப்பாகவும், அதாவது கேமரா பதிவு செய்த மூலத் தரவாகவும், சேர்த்து எடுத்தால் இவற்றில் எக்ஸ்போஷர் தவிர மற்றதை வீட்டில் மாற்றிக்கொள்ளலாம்.