இருபது விக்கெட் எங்கிருந்து வரும்? டெஸ்ட் அணித் தேர்வு: வாசகர் கேள்வி பதில்

டெஸ்ட் தொடர் தொடங்கினாலே கடிதங்கள் குவிந்துவிடும். பாதிக்கு மேல் ‘இவரை ஏன் எடுத்தார்கள், அவரை ஏன் விட்டார்கள்’ என்பவைதான். பலரும் கேட்டிருந்தவற்றைத் தொகுத்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: 2025 இங்கிலாந்து தொடரில் ஸ்பின்னர் குல்தீப் யாதவ் ஐந்து டெஸ்ட்டிலும் பெஞ்சில்தான் இருந்தார். எட்டாம் இடம் வரை பேட்டிங் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அது சரிதானா?

பதில்: எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. டெஸ்ட்டில் ஜெயிக்க பொதுவாக எதிரணியின் இருபது விக்கெட்டையும் எடுக்க வேண்டும், அதற்குப் பௌலர்கள் வேண்டும். லீட்ஸில் நடந்த முதல் டெஸ்ட்டையே பாருங்கள். பேட்டிங் ஆழத்துக்காக ஷர்துல் தாக்கூர் எட்டாம் இடத்துக்கு வந்தார். எடுத்த ரன் 1, 4. முதல் இன்னிங்ஸில் கடைசி 7 விக்கெட் 41 ரன்னுக்கும், இரண்டாவதில் கடைசி 6 விக்கெட் 31 ரன்னுக்கும் சரிந்தன. ஜெய்ஸ்வால், கில், ராகுல் ஆளுக்கு ஒரு சதம், பந்த் இரண்டு என ஐந்து சதம் அடித்தும் தோற்றோம்.

பேட்டிங் கைகொடுக்கவில்லை, பௌலிங்காவது? இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் ஆடியது 100.4 ஓவர். சிராஜ் 27, பும்ரா 24.4, ஜடேஜா 23, பிரசித் கிருஷ்ணா 20 வீசினார்கள். ஷர்துலுக்குக் கிடைத்தது 6 ஓவர். நான்கு பேர் தலையில் ஏறக்குறைய 95 ஓவர் விழுந்தது. ஐந்தாம் நாள் 371 ரன்னைத் துரத்தியபோது அந்த நால்வரும் களைத்திருந்ததில் ஆச்சரியம் என்ன? இங்கிலாந்து 5 விக்கெட் இழப்புக்கு அந்த இலக்கை எட்டியது.

கணக்கு இப்படித்தான் ஓடும். ஒரு நாளைக்கு 90 ஓவர். ஐந்து பௌலர் இருந்தால் ஆளுக்கு 18, நான்கு பேர் என்றால் 22.5. ஒரு வேகப்பந்து வீச்சாளர் நாளைக்கு 18 ஓவரை மூன்று நான்கு ஸ்பெல்லாக (இடைவிடாமல் வீசும் தவணை) பிரித்து வேகம் குறையாமல் வீசலாம். அதற்கு மேல் போனால் 80 ஓவர் முடிந்து புதுப் பந்து கைக்கு வரும் நேரத்தில் உடம்பு ஒத்துழைக்காது. அந்த நாளின் கடைசி 10 ஓவர்தான் விக்கெட் விழ வேண்டிய நேரம்.

ஆல்ரவுண்டரே வேண்டாம் என்று சொல்லவில்லை. மான்செஸ்டரில் ஜடேஜா 107, வாஷிங்டன் சுந்தர் 101 என இருவரும் ஆட்டமிழக்காமல் நின்றுதான் டிரா கிடைத்தது. ஆனால் அவர்கள் இருவரும் முழு நேரப் பௌலர்களும்கூட. எட்டாம் இடத்து ஆல்ரவுண்டருக்கு ஒரு நாளில் 12 ஓவராவது கேப்டன் நம்பிக் கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அந்த இடம் குல்தீப்புக்குத்தான். 2024இல் இதே இங்கிலாந்துக்கு எதிராக உள்ளூரில் 4 டெஸ்ட்டில் 19 விக்கெட் எடுத்தவர் அவர்.

அணியில் இருந்தும் பயன்படுத்தாத கதையும் உண்டு. மான்செஸ்டரில் முதல் 60 ஓவர்களுக்கு மேல் வாஷிங்டனிடம் பந்தே போகவில்லை. வந்ததும் போப், ப்ரூக் இருவரையும் வெளியேற்றினார். அந்த இன்னிங்ஸில் இங்கிலாந்து 669 குவித்தது.

கேள்வி: உள்ளூரில் நான்கு ஸ்பின்னர்களை இறக்கியும் 2025 கொல்கத்தா டெஸ்ட்டில் தென்னாப்பிரிக்காவிடம் ஏன் தோற்றோம்?

பதில்: எத்தனை ஸ்பின்னர் என்பதைவிட எந்த மாதிரி பிட்ச் என்பதுதான் முக்கியம். முதல் நாளிலிருந்தே பந்து கண்டபடி திரும்பினால் நம் ஸ்பின்னருக்கும் எதிரணி ஸ்பின்னருக்கும் இருக்கும் தர வித்தியாசம் சுருங்கிவிடும். 2024இல் நியூசிலாந்தின் சான்ட்னர் புனேயில் 13 விக்கெட், வான்கடேயில் அஜாஸ் படேல் 11 விக்கெட் எடுத்தது அப்படித்தான். கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவின் ஹார்மர் 8 விக்கெட் எடுத்தார். 124 இலக்கு, நாம் 93க்கு ஆல் அவுட். கழுத்து வலியால் கில் இரண்டாவது இன்னிங்ஸில் பேட் செய்ய வரவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அணியில் யாரும் அதிகம் பேசாத ஒரு ஓட்டை இருந்தது. ஜெய்ஸ்வால், வாஷிங்டன், பந்த், ஜடேஜா, அக்சர், குல்தீப் என ஆறு பேர் இடது கை பேட்டர்கள். ஹார்மர் ஆஃப் ஸ்பின்னர். அவர் பந்து இடது கைக்காரரை விட்டு விலகித் திரும்பும், சில பந்து திரும்பாமல் நேராக உள்ளே வரும். பேட் விளிம்பில் பட்டால் ஸ்லிப்பில் கேட்ச், படாமல் காலில் பட்டால் எல்பிடபிள்யூ. எதிரணியில் நல்ல ஆஃப் ஸ்பின்னர் இருக்கும்போது ஆறு இடது கைக்காரர்களை வைப்பது தேர்வுப் பிழை.

2024 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வங்கதேசத்துடன் ஆடியது இதற்கு நேர் எதிர். செம்மண் பிட்ச், மூன்று வேகம், இரண்டு சுழல். முதல் நாள் காலையில் வேகத்துக்கு உதவி இருந்தது. 144க்கு 6 என்று தடுமாறினோம், அஸ்வினும் ஜடேஜாவும் 199 சேர்த்தார்கள். பிறகு ஆட்டம் போகப் போக ஸ்பின் எடுபட்டது, 280 ரன்னில் வென்றோம். நல்ல பௌலர்கள் உள்ள அணிக்கு இப்படிப்பட்ட பிட்ச்சே பாதுகாப்பு.

கேள்வி: 2025 இங்கிலாந்து தொடரில் பும்ரா போன்ற ஒருவரை ஐந்தில் மூன்று டெஸ்ட்டுக்கு மட்டும் ஆட வைத்தது என்ன நியாயம்?

பதில்: 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் 151 ஓவருக்கு மேல் வீசி 32 விக்கெட் எடுத்தார். சிட்னியில் முதுகு பிடித்துக்கொண்டது. 162 இலக்கை ஆஸ்திரேலியா துரத்தியபோது அவரால் ஒரு பந்துகூட வீச முடியவில்லை, தொடரும் கைவிட்டுப் போனது. அதே தவறு மீண்டும் நடக்கக் கூடாது என்பதுதான் மூன்று டெஸ்ட் திட்டம்.

எந்த மூன்று என்பதை அட்டவணையே சொல்லிவிடுகிறது. 2025 தொடரில் லீட்ஸுக்கும் பர்மிங்காமுக்கும் இடையே 7 நாள், பர்மிங்காமுக்கும் லார்ட்ஸுக்கும் இடையே 3 நாள், லார்ட்ஸுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே 8 நாள், மான்செஸ்டருக்கும் ஓவலுக்கும் இடையே மறுபடி 3 நாள். மூன்றே நாள் இடைவெளியில் இரண்டு டெஸ்ட் ஆடக் கூடாது என்று வைத்தால் லீட்ஸ், லார்ட்ஸ், மான்செஸ்டர் என்று கணக்கு சரியாக வருகிறது. அவர் ஆடியதும் அவைதான்.

அவர் ஆடாத இரண்டிலும் வென்றோம் என்பதை வைத்து அவர் தேவையில்லை என்று எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: மூன்று டெஸ்ட்டில் 14 விக்கெட், இரண்டு முறை ஐந்து விக்கெட். பர்மிங்காமில் ஆகாஷ் தீப் 10 விக்கெட் எடுத்ததும், ஐந்து டெஸ்ட்டிலும் ஓயாமல் ஓடி 185 ஓவருக்கு மேல் வீசிய சிராஜ் 23 விக்கெட் எடுத்ததும் பெரிய சாதனைகள். பும்ராவைக் குறைத்துப் பேசுவதற்கு அவை காரணமாகாது.

கேள்வி: பேட்டிங் வரிசையில் மூன்றாம் இடத்தில் யார்? சாய் சுதர்சனுக்கு இன்னும் எத்தனை வாய்ப்பு தருவது?

பதில்: முழுத் தொடர் ஒன்று. அதற்குக் குறைந்து எதுவும் தீர்ப்பாகாது. லீட்ஸில் அறிமுகமாகி 0, 30 எடுத்தார், உடனே அடுத்த டெஸ்ட்டில் நீக்கினார்கள். மான்செஸ்டரில் திரும்ப வந்து 61. அந்தத் தொடரில் ஆறு இன்னிங்ஸில் 140 ரன். எட்டு இன்னிங்ஸ் கிடைத்த கருண் நாயர் 205. இரண்டுமே திருப்தி தரும் எண்ணிக்கை இல்லை. ஆனால் கொல்கத்தாவில் சுதர்சனை நிறுத்திவிட்டு வாஷிங்டனை மூன்றில் அனுப்பி, அடுத்த குவாஹாட்டி டெஸ்ட்டில் வாஷிங்டனை எட்டுக்குத் தள்ளி சுதர்சனை மறுபடி மூன்றில் இறக்கியது இருவருக்குமே அநியாயம். கொல்கத்தா இரண்டாவது இன்னிங்ஸில் அதிக ரன் எடுத்தவரே 31 அடித்த வாஷிங்டன்தான்.

மூன்றாம் இடத்தை ரன்னை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள். எத்தனை பந்து நின்றார், எப்படி அவுட் ஆனார் என்பதையும் குறித்துவையுங்கள். லீட்ஸில் இரண்டு முறையும் லெக் பக்கம் போன பந்தில் ஸ்டோக்ஸிடம் விக்கெட் கொடுத்தார் சுதர்சன். ஒரே வலையில் இரண்டு முறை சிக்கினால் அது வலைப்பயிற்சியில் சரிசெய்ய வேண்டிய விஷயம். வெவ்வேறு நல்ல பந்துகளில் அவுட் ஆனால் பொறுத்திருக்கலாம்.

கேள்வி: முந்தைய நாளே பிளேயிங் லெவனை ஓரளவு சரியாகக் கணிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில், கடந்த டெஸ்ட்டில் ஒவ்வொரு பௌலரும் எத்தனை ஓவர் வீசினார் என்று கூட்டிப் பாருங்கள். 45 தாண்டிய வேகப்பந்து வீச்சாளர், இடைவெளி நான்கு நாளுக்குள் என்றால் அவர் இடம் சந்தேகம்தான். அடுத்து ஸ்லிப் கேட்ச் பயிற்சி. யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பது பேட்டிகளைவிட அதிகம் சொல்லும். ஸ்லிப்பில் வழக்கமாக நிற்பவர் ஓரமாக உட்கார்ந்து, புது ஆள் அங்கே கேட்ச் பிடித்துப் பழகினால் மாற்றம் நிச்சயம். வலையில் முதலில் பேட் கட்டுபவர்கள் பெரும்பாலும் மறுநாள் ஆடுபவர்கள்.

பிட்ச்சில் புல் இருப்பதை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், டாஸுக்கு முன் காலையில் வெட்டிவிடுவார்கள். அடியில் ஈரம் இருக்கிறதா என்பதே கேள்வி. பந்தும் முக்கியம்: இங்கிலாந்தின் டியூக்ஸ், நம் எஸ்ஜி இரண்டுக்கும் ஆறு வரிசைத் தையலும் கையால் போட்டது, அந்தத் தையல் (சீம்) எடுப்பாக நெடுநேரம் நிற்கும். ஆஸ்திரேலியாவின் கூக்கபுரா சீக்கிரம் மழுங்கும், அங்கே உயரமும் வேகமும் கொண்ட மூன்றாவது பௌலரோ, ரன்னைக் கட்டுப்படுத்தும் ஸ்பின்னரோ வேண்டும். 2024இல் பெர்த்தில் வாஷிங்டன், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா என்று ஒற்றை ஸ்பின்னரை மூன்று முறை மாற்றியபோது எல்லோருடைய கணிப்பும் பொய்த்தது உண்மை.

கேள்வி: அறிவித்த லெவனை டாஸுக்கு முன் மாற்றலாமா?

பதில்: தாராளமாக. டாஸின்போது எழுத்தில் கொடுக்கும் பட்டியல்தான் கட்டுப்படுத்தும், அதன்பின் எதிரணி கேப்டன் சம்மதம் வேண்டும். 2021 உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியில் சவுத்தாம்ப்டனில் முந்தைய நாளே அணியை அறிவித்தோம். முதல் நாள் முழுவதும் மழை. அப்படியும் இரண்டு ஸ்பின்னரோடே இறங்கினோம், நியூசிலாந்து முழுக்க வேகத்தை நம்பி வென்றது.

கேள்வி: மான்செஸ்டரில் பந்த்துக்குக் கால் எலும்பு முறிந்தது. மாற்று வீரர் ஏன் பேட் செய்ய முடியவில்லை?

பதில்: சர்வதேச டெஸ்ட்டில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டால் மட்டுமே முழு மாற்று வீரர் உண்டு. 2019இல் வந்த விதி அது. லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் ஸ்மித்துக்குப் பதில் இறங்கிய லபுஷேன்தான் முதல் ஆள். மற்ற காயங்களுக்கு வருபவர் ஃபீல்டிங் செய்யலாம், நடுவர் அனுமதித்தால் கீப்பிங்கும் செய்யலாம். பேட்டிங், பௌலிங் கிடையாது. பந்த்துக்குப் பதில் வந்த ஜூரெல் கீப்பிங் மட்டும் செய்தது அதனால்தான். 2011 முதல் காயமடைந்தவருக்காக ஓடும் ரன்னரும் இல்லை, ஆகவே பந்த் நொண்டிக்கொண்டே வந்து 54 வரை போனார். நம் உள்நாட்டுப் பல நாள் போட்டிகளில் 2025-26 முதல் கடுமையான காயத்துக்கும் மாற்று வீரரை அனுமதித்திருக்கிறார்கள், நல்ல முடிவு.

கேள்வி: கடைசி நாளில் டிராவுக்கு ஆடுவதா, வெற்றிக்குப் போவதா? புள்ளிப்பட்டியல்படி எது லாபம்?

பதில்: உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப்பில் வெற்றிக்கு 12, டைக்கு 6, டிராவுக்கு 4 புள்ளி. டிரா என்பது வெற்றியில் மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே டிரா கையில் இருக்கும்போது துரத்திப் பார்ப்பதா என்றால், ஜெயிக்க மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு தெரிந்தால் போகலாம். மூன்று டெஸ்ட் தொடரில் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி என்றால் 36க்கு 24, அதாவது 66.67 சதவீதம். ஒரு வெற்றி, இரண்டு டிரா என்றால் தோல்வியே இல்லாமலும் 36க்கு 20, 55.56 சதவீதம்தான். தொடரைக் காப்பாற்ற வேண்டிய கடைசி டெஸ்ட்டில் மட்டும் இந்தக் கணக்கை ஓரம் வைக்கலாம்.

பலர் மறக்கும் இன்னொன்று ஓவர் வேகம், அதாவது குறித்த நேரத்துக்குள் ஓவர்களை வீசி முடிப்பது. குறையும் ஒவ்வொரு ஓவருக்கும் ஒரு புள்ளி போகும். 2025இல் இந்தியாவும் இங்கிலாந்தும் 2-2 என்றே முடித்தன. நமக்கு 60க்கு 28. லார்ட்ஸில் மெதுவாக வீசியதற்காக இங்கிலாந்துக்கு 2 புள்ளி வெட்டு, 26. அதே முடிவுக்கு நாம் 46.67 சதவீதம், அவர்கள் 43.33. மணிக்கு 15 ஓவர் என்றால் ஓவருக்கு 4 நிமிடம். நான்கு வேகப்பந்து வீச்சாளர்களோடு இறங்கும் கேப்டன், உணவு இடைவேளைக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு முனையில் ஸ்பின்னரைத் தொடர்ந்து 10 ஓவராவது போட வைத்தால்தான் மாலையில் புதுப் பந்தை அவசரமில்லாமல் எடுக்க முடியும்.