கரையில் இருந்து ஒரு கதை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் லண்டனில் இருக்கிறோம். அம்மாவின் ஊர் முல்லைத்தீவு. திருகோணமலையில் ஒரு பாய்ப்படகு எடுத்து, 10 வயதும் 7 வயதுமான பிள்ளைகளோடு கரையோரமாகவே முல்லைத்தீவுக்கு வரலாம், இரவில் ஏதாவது களப்புக்குள் நங்கூரம் போடலாம் என்கிறார் கணவர். கிறிஸ்மஸ் விடுமுறைதான் வசதி. சரிவருமா, அண்ணை?

பதில்: பயணம் சரிவரும் தங்கச்சி. கிறிஸ்மஸும் களப்பும் சரிவராது.

மார்கழியில் இங்கே வடகிழக்கில் இருந்து வாடைக்காற்று. காற்றும் அலையும் கடலில் இருந்து நேரே கரைக்கு வரும். பாய் கிழிந்தாலோ சுக்கான் போனாலோ படகு கரைப்பக்கம் தள்ளுப்பட்டு, அலை உடைகிற இடத்தில் போய் அடிபடும். கப்பலுக்கே அதுதான் கதி. அரிசி ஏற்றிவந்த ஜோர்தான் நாட்டுக் கப்பல் ஃபரா 3, எஞ்சின் பழுதாகி, 2006 மார்கழியில் முல்லைத்தீவுக் கரையில் ஏறிக் குந்தியது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கப்பல் என்றால் பல வருடம் அதுதான்.

ஆடியில் வாருங்கள். அப்போது சோழகம், தென்மேற்குக் காற்று. முல்லைத்தீவுக்குக் கடல்வழி ஏறத்தாழ 50 கடல்மைல், ஓட்டம் வடமேற்கே. சோழகம் இடக்கைப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் நின்று தள்ளும். பாய்க்கு இதைவிட நல்ல காற்று கிடையாது. தரையில் இருந்து வருவதால் கரையோரம் அலை எழும்பவும் இடமில்லை. மணிக்கு 5 கடல்மைல் ஓடினால் 10 மணித்தியாலம். விடியவே வெளிக்கிடுங்கள். இரவில் வலை விரித்திருப்பார்கள், அதற்குள் போய் மாட்டினால் உங்களுக்கும் கரைச்சல், வலைக்காரனுக்கும் நட்டம். மதியம் காற்று முறுகும், அதற்கு முன்பே பாயைச் சுருக்கிவிடுங்கள். கரையை விட்டு இரண்டு மைலுக்கு மேல் விலகவேண்டாம். அந்தக் காற்றில் பாயோ சுக்கானோ கைவிட்டால் அடுத்த கரை வங்காள விரிகுடாவுக்கு அந்தப் பக்கம்தான்.

இனிக் களப்பு. வரைபடத்தில் கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல் மூன்றும் நீலமாக, வா வா என்று கூப்பிடுகிறமாதிரித்தான் கிடக்கும். கணவர் அதைத்தான் பார்த்திருப்பார். களப்பு கடலோடு சேருகிற தொடுவாயை மாரி வெள்ளம் உடைக்கும், கோடையில் அது மணலால் மேடிட்டுவிடும். நந்திக்கடல் வாய் மூடிக் கிடக்கிற நாளில் ஆட்கள் மணலில் நடந்து போவார்கள். உங்கள் படகுக்குக் கீழே நீண்டு நிற்கிற அடிக்கட்டைக்கோ ஒன்றரை மீற்றர் தண்ணீராவது வேண்டும்.

எங்கள் அப்பு பாயில் ஓடிய தோணிக்கு அப்படி அடிக்கட்டை இல்லை. அலையில் ஏறிக் கரை தட்டியதும் நாலு பேர் தோள் கொடுத்து மணலில் இழுத்துவிடுவார்கள், துறைமுகம் என்று ஒன்று தேவைப்படவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் கைக்கெட்டாத விலைக்குப் போனபோது, நாங்களும் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு மாச்சாக்குகளைப் பிரித்துத் தைத்துப் பாய் கட்டினோம். முதல் மழைக்குப் பாயில் இருந்து கூழ் வடிந்தது. அந்தத் தோணியில் நீங்கள் வருவதாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். இந்தப் படகை அலைக்கு வெளியே நங்கூரத்தில் விட்டு, ஊர்ப் போட் ஒன்றைக் கூப்பிட்டுப் பிள்ளைகளை இறக்குங்கள். ரப்பர் படகில் நீங்களே அலை கடக்கப் பார்க்கவேண்டாம். போட்டில் ஏறும் முன்பே பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை போட்டிருக்கவேண்டும். களப்பு யோசனை சொன்ன கணவர் படகுக்குக் காவல் இருக்கட்டும், நீங்கள் அம்மாவின் ஊரைப் பாருங்கள்.

திருகோணமலையிலேயே துறைமுகத்திலும் கடற்படையிடமும் பயணத்தைச் சொல்லி, கடதாசிகளைக் கையில் வைத்திருங்கள். வழியில் மறிப்பார்கள்.

கேள்வி: தை மாதம் குடும்பமாகக் கடலில் போக ஆசை. வன்னியில் இடமே இல்லையா? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: மேற்குக் கரைக்குப் போங்கோ தம்பி. வாடை அங்கே தரையில் இருந்து வருவதால், கிழக்கு கொந்தளிக்கிற நாளிலும் கரையோரம் அடங்கிக் கிடக்கும். இரணைமாதா நகரில் இருந்து இரணைதீவுக்குப் போகலாம். 1992 இல் இடம்பெயர்ந்த சனம் 2018 இல் தாங்களே படகேறித் திரும்பிய தீவு அது. கடல் ஆழம் குறைவு, தண்ணீருக்குள் மணல் திடலும் உண்டு. அந்தத் தீவுக்காரர் ஒருவர் சுக்கான் பிடிக்காமல் வெளிக்கிடவேண்டாம்.

கேள்வி: என் மகனுக்குக் கடலில் போனால் சத்தி. என்ன செய்யலாம்? (வவுனியா வாசகி)

பதில்: வெறும் வயிறும் கூடாது, பால்தேத்தண்ணியும் கூடாது. இரண்டு பிஸ்கற், இஞ்சி போட்ட பிளேன்ரீ போதும். படகின் பின்பாதியில் நடுவே இருத்தி, தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். போனைப் பறித்து வையுங்கள். சத்தி வந்தால் காற்றுப் போகிற பக்கமாகத் திருப்பிப் பிடியுங்கள், இல்லையென்றால் எல்லாருக்கும் முழுக்குத்தான்.