திருகோணமலையில பழைய வீட்டை உடைச்சா வாற கழிவை என்ன செய்யிறது?

உடைப்புக் கழிவு எண்டா வீடு உடைக்கேக்க மிஞ்சுற கல்லு, ஓடு, நிலை, யன்னல், கம்பி எல்லாந்தான். இதையும் மீன் வெட்டுற மாதிரிப் பிரிச்சு எடுத்தா கனக்கத் திரும்ப உதவும்: சதை குழம்புக்கு, தலை சொதிக்கு, செதில் மட்டும்தான் குப்பைக்கு. மெசினால ஒரேயடியா தள்ளினா எல்லாம் கலந்து ஒண்டுக்கும் உதவாது, அதால முதல்ல ஓட்டைக் கையால இறக்கி, நிலை யன்னலைக் கழட்டி, கடைசியாத்தான் சுவர், பழைய சுண்ணாம்புச் சாந்து எண்டா செங்கல் முழுசாவே கழண்டு வரும், சீமெந்து அப்பிடி விடாது. அஸ்பெஸ்டஸ் சீட்டை மட்டும் தயவுசெய்து உடைக்காதேங்கோ, நனைச்சு முழுசா இறக்குங்கோ, அந்தத் தூசு நுரையீரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். ஒண்டுக்கும் உதவாத மிச்சத்தை எங்க கொட்டுறதெண்டு உங்கட உள்ளூராட்சி சபையில முதலே கேளுங்கோ.

"வெறும் கல்லுதானே, உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் என்ர சொந்தக் காணிக்க கொட்டினா ஆர் கேக்கிறது" எண்டு கனபேர் நினைக்கினம், ஆனா 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி கடல்கரையில இருந்து 300 மீற்றருக்குள்ள கழிவு கொட்டவோ நிரப்பவோ கரையோரம் பேணல் திணைக்களத்தின்ர அனுமதி வேணும், காணி ஆற்றையா இருந்தாலும்.