வெளிநாட்டு உதவி நெடுந்தீவு வரை வந்து சேருமா?

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இலங்கைக்குக் கிடைத்த வெளிநாட்டு உதவியால் யாழ்ப்பாணத்துக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வந்த பணம் எல்லாம் ஒரே வகையல்ல. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஒப்புக்கொண்ட சுமார் 300 கோடி டொலர், அரசின் கணக்கை நிமிர்த்துவதற்கான கடன். அதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்ததையும், வெறும் கானோடு ஆட்கள் வரிசையில் நின்றதையும் கண்டவர்களுக்கு, எரிபொருள் திரும்பக் கிடைத்ததே பெரிய ஆறுதல்.

ஆனால் அடுத்த நெருக்கடியைத் தாங்கும் பலம் வேறு. யாழ்ப்பாணக் கரைக்கு அப்பால் உள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்பில் இல்லை. டீசலைக் கடல் கடந்து கொண்டுபோய்த்தான் விளக்கு எரிய வேண்டும். எண்ணெய் விலை ஏறினால் அந்தச் செலவும் ஏறும். இந்திய நன்கொடையில் அங்கே திட்டமிட்டிருப்பது சூரிய ஒளி, காற்று, மின்கலச் சேமிப்பு எல்லாம் சேர்ந்த நிலையங்கள். டீசல் துணைக்கு மட்டும். நன்கொடை என்பதால் கடன் சுமையும் அதிகரிக்காது.

யாழ்ப்பாண மாவட்டக் கரையோர ஊரான தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறந்தது. அது ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியில் கட்டியது.

என்னைக் கேட்டால், இந்த நிலையங்களைப் பழுதுபார்க்கத் தீவுப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுக்க வேண்டும். உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் கறள் பிடிக்கும்.