காவிரியில் தூண்டில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஒகேனக்கல் பற்றிய உங்கள் கட்டுரையில் ஆற்றில் வெடி போட்டு மீன் பிடிப்பதைக் கண்டித்திருந்தீர்கள். நானும் என் நண்பர்களும் பல வருடங்களாகத் தூண்டில் போடுகிறவர்கள். மாட்டிய மீனை எடை பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு ஆற்றிலேயே விட்டுவிடுவோம். கர்நாடகத்தில் பீமேஸ்வரி, கலிபோரே பகுதிகளில் முன்பு இதற்கு அனுமதி இருந்தது. இப்போது சரணாலயம் என்று சொல்லித் தூண்டில் ராடோடு உள்ளே விடுவதில்லை. ராத்திரி வலையும் வெடியும் கொண்டு வருகிறவன் பாட்டுக்கு வந்து போகிறான். மீனை விடுகிறவனுக்குத் தடை, கொல்கிறவனுக்கு வழி. இது என்ன நியாயம்?

நாங்கள் ஒரு மனு தயார் செய்கிறோம். மூன்று கோரிக்கைகள். சரணாலயத்துக்குள் பிடித்து விடும் தூண்டிலுக்கு அனுமதி வேண்டும். மோயாற்றையும் அதேபோலத் திறக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் பண்ணையில் வளர்த்த மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீனின் குஞ்சுகளைக் காவிரியில் விட வேண்டும். நீங்கள் இதை ஆதரித்து எழுதுவீர்களா? பணக்காரர் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுவீர்களா?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

முதல் கோரிக்கையை, சில நிபந்தனைகளோடு, முழு மனதாக ஆதரிக்கிறேன். மற்ற இரண்டையும் எதிர்க்கிறேன். மூன்றாவதை மிகக் கடுமையாகவே எதிர்க்கிறேன்.

முதலில் சட்டம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கொல்வதை மட்டும் வேட்டை என்று கொள்ளவில்லை. பிடிப்பது, பொறி வைப்பது, இரை காட்டி இழுப்பது, அதற்கு முயல்வது எல்லாமே அதில் அடக்கம். 2002இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, விலங்கு என்பதற்கான வரையறையில் மீனும் வெளிப்படையாக இடம்பெற்றது. ஆகவே சரணாலயத்துக்குள் நீங்கள் ராகி உருண்டையை முள்ளில் கோத்து வீசினால், மீன் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும், விட்டாலும் விடாவிட்டாலும், சட்டத்தின் பார்வையில் ஒன்றுதான். வனத்துறை அதிகாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் இருக்கும் வாசகம் அப்படி.

ஆனால் அதே சட்டத்தின் 12ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. கல்வி, அறிவியல் ஆய்வு, அறிவியல் முறையிலான மேலாண்மை ஆகியவற்றுக்காகத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். உங்கள் மனு இந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். பொழுதுபோக்கு, சுற்றுலா வருமானம் என்று கேட்டால் மறுப்பது சுலபம். தூண்டில்காரர்கள் ஆற்றைப் பற்றி வேறு யாரிடமும் இல்லாத தகவலைத் தருகிறார்கள் என்று கேட்டால் மறுப்பது கஷ்டம். அது வெறும் வாதமும் அல்ல, நடந்த விஷயம்.

கலிபோரே தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன மீன், என்ன எடை என்று பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். மொத்தம் 23,620 மணி நேரம். 6,161 மஹ்சீர்கள். அதில் பெரியது 46.8 கிலோ. பின்னால் ஆய்வாளர்கள் அந்த நோட்டுகளை எடுத்து அலசினார்கள். காவிரி மஹ்சீரின் கதை முழுக்க அந்தப் பக்கங்களில் இருந்தது.

காவிரிக்கே உரிய மஹ்சீர், முதுகில் திமில் போல மேடு தட்டிய, ஆரஞ்சு நிறத் துடுப்புகள் கொண்ட மீன். 1946இல், விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலில் பெயர்பெற்ற மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையில் ஒன்றைப் பிடித்தார். உலகம் முழுவதிலுமிருந்து தூண்டில்காரர்கள் காவிரிக்கு வந்தது இந்த மீனுக்காகத்தான். கலிபோரே பதிவேட்டில் வருடத்துக்கு வருடம் இந்தத் திமில் மீனின் எண்ணிக்கை குறைகிறது, ஆனால் மாட்டுகிற மீனின் எடை கூடுகிறது. கரையில் நின்றவர்களுக்கு அது சந்தோஷமான செய்தியாகத்தான் தெரிந்திருக்கும்: போன வருடத்தைவிடப் பெரிய மீன்! உண்மையில் அதன் பொருள் வேறு. குஞ்சு வரவில்லை. இருக்கிற கிழட்டு மீன்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் பெருத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. இதைக் கண்டுபிடிக்க எந்த அரசுத் துறையிடமும் கணக்கு இல்லை. ராடு பிடித்தவர்களின் நோட்டில் இருந்தது. தடை முழுமையான பிறகு அந்த நோட்டும் நின்றுபோனது. இன்று அந்தப் பகுதி நீரில் என்ன இருக்கிறது என்று அப்படித் தொடர்ந்து எழுதி வைக்க ஆள் இல்லை.

உங்கள் முதல் கோரிக்கையை நான் ஆதரிப்பதற்கு இது ஒன்றே போதும். இன்னொன்றும் உண்டு. அந்த முகாம்களில் வழிகாட்டிகளாகவும் காவலாகவும் வேலை செய்தவர்களில் முன்பு வலையும் வெடியும் வைத்துப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். பாறைக்குப் பாறை ஆற்றைத் தெரிந்தவர்கள். சம்பளம் வந்தது, வெடியை விட்டார்கள். மற்றவன் வெடி வைத்தாலும் சத்தம் கேட்ட திசையை வைத்தே இடத்தைச் சொல்லிவிடுவார்கள். பணக்காரர் விளையாட்டா என்று கேட்டிருந்தீர்கள். ராடு பிடிப்பவர் பணக்காரராக இருக்கலாம், பரிசல் தள்ளுபவர் அப்படியில்லை. அவர் வேலையையும் சேர்த்துத்தான் தடை எடுத்துக்கொண்டது. மனுவில் அந்த மக்களின் பெயரில் ஒரு பத்தியாவது இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அவர்கள் வலைக்காரர்களாக மட்டுமே வருகிறார்கள்.

வெடிக்கு வருகிறேன். ஆற்றில் வெடி வைத்து மீன் கொல்வதை இந்திய மீன்வளச் சட்டம் 1897இலேயே தடை செய்தது. மூல வாசகத்தில் அதற்கு இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். வெள்ளைக்காரன் காலத்து 200 ரூபாய் பெரிய தொகை. இந்தக் காலத்துக்கு ஏற்றபடி தண்டனையைக் கடுமையாக்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். உங்கள் பட்டியலில் அது இல்லாததுதான் எனக்கு ஆச்சரியம்.

அப்புறம் குஞ்சு விடுவது. ஆர்., தயவுசெய்து இதை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். 1970களிலிருந்து இதைத்தான் செய்தோம். மகாராஷ்டிரத்தில் லோனாவாலா பண்ணையில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து காவிரியில் கொட்டினார்கள். நல்லெண்ணத்தோடு, மீன் மேல் இருந்த ஆசையோடு, தூண்டில் சங்கங்களே அதை வரவேற்றன. ஆனால் அது நீலத் துடுப்பு மஹ்சீர், கிருஷ்ணா நதிப் படுகையின் மீன். காவிரியில் அது நன்றாகப் பெருகியது, திமில் மீன் ஒடுங்கியது. அணைகள், மாசு, வெடி எல்லாவற்றோடும் இந்தக் குஞ்சு விடுதலையும் அந்த அழிவுக்கு முக்கியமான ஒரு காரணமாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அத்தனை புகழ்பெற்ற திமில் மீனுக்கு 2018 வரை உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. கேரளத்தில் பிறந்து நம் அமராவதியில் சேரும் பாம்பாற்றில் 2007இல் பெயரிடப்பட்ட ஒரு மஹ்சீரும் இதுவும் ஒன்றே என்று அந்த வருடம்தான் நிறுவினார்கள். அதே வருடம் அது மிகவும் அருகிவிட்ட இனமாகச் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. எந்த மீன் என்று தெரியாமலே மீனைக் காப்பாற்றப் புறப்பட்டோம். காவிரியில் இனி ஒரு குஞ்சுகூட வெளியிலிருந்து வந்து விழக்கூடாது என்று தடை கேட்பதுதான் தூண்டில்காரர்கள் கேட்க வேண்டிய விதிமாற்றம்.

மோயாறு விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திமில் மீன் இன்னும் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த சில இடங்களில் அது ஒன்று. முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் ஓடி பவானிசாகருக்கு வருகிறது. ஆய்வாளர்கள் போகட்டும், கணக்கெடுக்கட்டும். நாம் போக வேண்டாம். சில நூறு மீன்களோ, அதைவிடக் குறைவோ இருக்கக்கூடிய இடத்தில் ஒரு முள் கூட அதிகம்தான்.

இனி நிபந்தனைகள். பிடித்து விட்டுவிடுகிறோம் என்பது மட்டும் போதாது, எப்படிப் பிடித்து எப்படி விடுகிறீர்கள் என்பதும் விதியில் வர வேண்டும். காவிரியின் நீலத் துடுப்பு மஹ்சீர்களில் ரேடியோ பட்டை கட்டி, விட்ட பிறகு அவை என்ன ஆகின்றன என்று பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. ஆனால் பெரிய மீன்கள்தான் அதிகம் தளர்ந்து போயின. ஆக, எல்லோரும் ஆசைப்படுகிற அந்தப் பெரிய மீனுக்குத்தான் ஆபத்து அதிகம்.

பழைய முகாம் படங்களைப் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் மாட்டிய மீனின் வாயில் கயிறு கோத்து, கரையோர மரத்தில் கட்டி, ராத்திரி முழுக்க நீரில் வைத்திருப்பார்கள். காலையில் வெளிச்சம் வந்த பிறகு இரண்டு பேர் சேர்ந்து தூக்கிப் படம். அதற்குப் பிறகுதான் விடுதலை. இது அடியோடு தடை செய்யப்பட வேண்டும். மூன்று கொக்கி முள் கூடாது. ஒற்றை முள், அதிலும் மீன் கழன்றுவிடாமல் தடுக்கும் பின்னோக்கிய கூர் நசுக்கியது. மஹ்சீரின் வாயில் பல் கிடையாது, உதடு ரப்பர் போல இருக்கும், அந்தக் கூர் இல்லாத முள் சுலபமாகக் கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும். மீன் தண்ணீரை விட்டு மேலே வரவே கூடாது, படம் வேண்டுமானால் நீங்கள் இடுப்பளவு நீரில் இறங்குங்கள். தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்திருந்து, அது தானாக வாலை உதறிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில், மீன் மேலேறி முட்டையிடும் மாதங்களில், ஆறு முழுக்க மூடியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும், மீன் மாட்டாத நாளும்கூட, பதிவேட்டில் ஏற வேண்டும். எழுதாதவருக்கு மறு அனுமதி இல்லை.

இதெல்லாம் கெடுபிடி என்று உங்கள் நண்பர்களில் சிலர் முணுமுணுக்கலாம். முணுமுணுப்பவர்களைக் குழுவில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மேகதாது அணை பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அது திட்டமிட்டபடி வந்தால் சரணாலயத்தின் கணிசமான காடும் ஆறும் தேங்கிய நீருக்குள் போய்விடும். அதை மனுவில் சேர்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். இரண்டு மாநில அரசியல் உள்ளே வந்துவிடும் என்ற தயக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஓடும் நீரில் வாழும் மீனுக்காகப் பேசுகிறவர்கள், நீர் ஓடுவதைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம்.

வரைவை அனுப்புங்கள். மோயாறும் குஞ்சு விடுவதும் நீங்கி, வெடிக்கான தண்டனையும் பரிசல்காரர்களின் வேலையும் அதில் சேர்ந்திருந்தால் கையெழுத்துப் போடுகிறேன். கர்நாடக வன உயிரின வாரியத்துக்குப் போவதால் கன்னடத்திலும் ஒரு பிரதி வேண்டும்.