அமெரிக்காவில் துணை அதிபர் வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

அதிபர் வேட்பாளரோடு ஜோடியாக நிற்பவர்தான் ‘ரன்னிங் மேட்’. மாநில வாரியான உட்கட்சித் தேர்தல்களில் ஜெயித்து வரும் அதிபர் வேட்பாளரே இவரைப் பொறுக்கிக்கொள்வார். கட்சி மாநாடு ஒப்புதல் தரும்.

வெற்றிக்கு, மாநிலங்களின் சார்பில் அதிபரையும் துணை அதிபரையும் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் 538 வாக்குகளில் 270 வேண்டும். அதனால் தன்னிடம் இல்லாததைக் கொண்டுவருபவரைத் தேடுவார்கள். கிரிக்கெட்டில் வலக்கை ஆட்டக்காரரோடு இடக்கைக்காரரைத் தொடக்கத்தில் இறக்குவது மாதிரி. 1960-இல் மாசசூசெட்ஸ்காரரான கென்னடி, டெக்சாஸின் லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்டார். டெக்சாஸின் 24 வாக்குகளும் வந்தன. இந்தக் கணக்கு எப்போதும் பலிக்காது. 2012-இல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ராம்னி, தன் ஜோடியாகப் பால் ரயனை நிறுத்தியும், ரயனின் சொந்த மாநிலமான விஸ்கான்சினிலேயே தோற்றார். இருவரும் ஒரே மாநிலத்தவர் என்றால் அந்த மாநிலத் தேர்வாளர்கள் இருவருக்கும் வாக்களிக்க முடியாது. 2000-இல் டெக்சாஸ்காரரான ஜார்ஜ் புஷ்ஷோடு ஜோடியாக நின்ற டிக் சேனி தன் வாக்காளர் பதிவை டெக்சாஸிலிருந்து வயோமிங்குக்கு மாற்றியது இதற்காகத்தான்.

உட்கட்சித் தேர்தலில் இரண்டாவதாக வந்தவருக்குத் துணை அதிபர் வாய்ப்பு தானாகக் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படி எந்த விதியும் இல்லை.